பிரண்டை: வேலியில் பறிக்காமல் வீட்டில் வளர்த்து உண்ண

வடசென்னையில் பிரண்டைக்குப் பஞ்சமே கிடையாது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ரயில் பாதை நெடுகக் கம்பிவேலியிலும் சீமைக்கருவேலத்திலும் ஏறிக் கிடக்கிறது. தொழிற்சாலை மதில்களின் மேலும் பக்கிங்காம் கால்வாய்க் கரைப் புதர்களிலும் பார்க்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவர் முட்டி வலி என்று சொன்னதும், பையை எடுத்துக்கொண்டு போய் நாலு முழம் ஒடித்து வருவது இங்கே பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பிரண்டை நல்ல பொருள்தான். ஆனால், இந்தப் பகுதியில் அது வேர்விட்டிருக்கும் இடம் பெரும்பாலும் நல்ல இடம் இல்லை.

நோயாளிக்கும் வயதானவருக்கும் மருந்து என்று கொடுக்கிற பொருளில், அது எங்கே வளர்ந்தது என்று பார்க்கும் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். அதனால்தான் பறிப்பதைவிட வளர்ப்பதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். ஒரு சிறு தொட்டி இருந்தால் போதும். ஆறு மாதத்தில் உங்கள் மாடியிலேயே துவையலுக்குக் கொடி கிடைக்கும்.

வேலிக் கொடியில் என்ன தவறு?

காலையில் பெருக்கிய மாடியில் மாலைக்குள் கறுப்புத் தூள் படிவது எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குத் தெரிந்த விஷயம். அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூசு, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை எல்லாம் அதில் கலந்திருக்கும். சாலையோரப் பிரண்டைத் தண்டு ஒன்றை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். தண்டின் நான்கு பக்கப் பள்ளங்களிலும் சேர்ந்திருந்த கரி துணியில் வரிவரியாக வரும்.

மேலே படிந்ததைக் கழுவலாம். வேர் வழியாக உள்ளே போனதை எத்தனை தண்ணீரில் அலசினாலும் எடுக்க முடியாது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக் போன்றவை உண்டு. சாம்பல் விழுந்த மண்ணில் அவை தங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியதையும், கரையோரச் செடிகளின் அடியில் கறுப்பாக ஒட்டியிருந்ததையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரயில் பாதை ஓரம் களைக்கொல்லி தெளிப்பதும் உண்டு. எப்போது தெளித்தார்கள் என்று பறிக்கப் போகிறவருக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே ரயில் பாதை, லாரி ஓடும் சாலை, தொழிற்சாலை மதில், கால்வாய்க் கரை, குப்பைமேடு, சாம்பல் குளத்தின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் பறிக்கவே வேண்டாம். கீரைக்கார அம்மாவிடம் வாங்குவதானால், “எங்கேருந்து வருதும்மா?” என்று கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெயரைச் சட்டென்று சொல்பவரிடம் வாங்கலாம். “இங்கதான், லைன் ஓரமா” என்று பதில் வந்தால் கீரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. வீட்டில் வளர்க்கவும் சமைக்கவும் ஏற்றது சதுரப் பிரண்டை. நடுவதற்குத் துண்டு வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. தண்டு நான்கு பட்டையாக, சதைப்பற்றோடு இருக்க வேண்டும். விளிம்பில் முள் இருக்கக் கூடாது.
2. விரல் நீளத்துக்கு ஒரு கணு வர வேண்டும். கணுவில் தண்டு இடுப்புப் போல் ஒடுங்கியிருக்கும்.
3. இளங்கணுவில் ஒரு பக்கம் சிறிய தடித்த இலை, எதிர்ப்பக்கம் சுருள் கம்பி போன்ற பற்றுக்கொடி இருக்கும். முற்றிய தண்டில் இலை உதிர்ந்திருக்கும்.
4. ஒடித்தால் நிறமில்லாத, கொழகொழப்பான நீர் கசிய வேண்டும்.

நான்காவது சோதனையை ஒருபோதும் விடாதீர்கள். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வந்தால் அது பிரண்டை இல்லை. சதுரக்கள்ளியும் நான்கு பட்டைதான். ஆனால் விளிம்பில் முள் இருக்கும், பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கொடிக்கள்ளி இலையில்லாமல் வேலியில் படர்ந்து, தூரத்தில் பார்க்க உருட்டுப் பிரண்டை போலவே தெரியும். அதிலும் பால் உண்டு. சந்தேகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தொட்டி, மண், தண்ணீர்

வடசென்னைக்கே உரிய ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய நீல டிரம்கள் இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, ரசாயனம் வந்த டிரம்கள். கழுவி விற்றாலும் பிளாஸ்டிக் உள்வாங்கியது போகாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் சாப்பிடும் செடியை வைக்காதீர்கள். பெயின்ட் பக்கெட்டும் வேண்டாம். எண்ணெய் டின் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். விரிசல் விட்ட 20 லிட்டர் குடிநீர் கேன் நல்ல தொட்டி. மேல் பகுதியை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, அடியில் விரல் பருமனில் ஐந்தாறு துளை போட்டு, வெளிச்சம் புகாமல் சாக்கைச் சுற்றிக் கட்டினால் சில வருடம் தாங்கும். நர்சரியில் விற்கும் வளர்ப்புப் பையும் சரிதான்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் இருப்பவர்கள் எடையை யோசியுங்கள். ஈர மண் நிரம்பிய 20 லிட்டர் தொட்டி ஏறத்தாழ 30 கிலோ வரும். மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் ஓடும் இடத்துக்கு நேர் மேலே ஓரமாக வையுங்கள். உத்திரம் அரித்த வீடு என்றால் மாடியே வேண்டாம், வாசல் ஓரம் போதும். பிரண்டைக்குத் தினம் நாலைந்து மணி நேரம் வெயில் பட்டால் சரி.

மண்ணுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். மாதவரம் பக்கத்து நர்சரிகளில் மூன்றுமே கிடைக்கும். காலி மனையிலிருந்தோ கால்வாய் தூர்வாரிய குவியலிலிருந்தோ மண் அள்ளி வந்தால், வேலியை விட்டு வந்த பயனே போய்விடும். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது; அதுவும் ஆகாது.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். மெட்ரோ தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், பிடித்துவைத்த மழைத் தண்ணீர் எதுவும் நல்லது. ஏசியில் சொட்டும் தண்ணீரை மட்டும் உண்ணும் செடிக்கு ஊற்றாமல் இருப்பது நலம்.

நடும் வரிசை

1. மூன்று கணு உள்ள துண்டாக வெட்டுங்கள். ரொம்ப இளசும் வேண்டாம், நாராக முற்றியதும் வேண்டாம்.
2. எது அடி, எது நுனி என்று அடையாளம் வையுங்கள். அடியைச் சாய்வாக வெட்டினால் குழம்பாது.
3. நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். துண்டு அழுகுவதற்கு முக்கியக் காரணம், காயாமல் பச்சையாக நடுவதுதான்.
4. ஒரு கணு மண்ணுக்குள், இரண்டு கணு வெளியே இருக்கும்படி நடுங்கள். தொட்டிக்கு இரண்டு துண்டு போதும்.
5. மண் நனையும் அளவுக்கு ஒரு தரம் தண்ணீர் விடுங்கள். அடுத்த தண்ணீர், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால்தான்.
6. இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். கணுவில் புதுத் துளிர் வந்ததும் படர வழி செய்யுங்கள்.

படர்வதற்குக் காசிமேட்டில் கழித்துப் போடும் பழைய வலைத் துண்டைவிட நல்ல பந்தல் கிடையாது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் கட்டிவிடுங்கள். கேபிள் ஒயர், மின்சார ஒயர், ஓவர்ஹெட் டேங்க் குழாய் ஆகியவற்றில் கொடி ஏறவே விடாதீர்கள். ஏறிவிட்டால் மழை நாளில் இழுத்துப் பிடுங்க முயலாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் அடித்தண்டு கூழாகிவிடும். தொட்டியின் அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்துப் பறிக்கலாம்.

குறிப்பு: தாய்த்துண்டு எங்கே வளர்ந்தது என்று தெரியாவிட்டாலும் நடலாம். அந்தத் துண்டைச் சமையலுக்கு எடுக்காமல், உங்கள் மண்ணில் வளர்ந்த புதுக் கொடியை மட்டும் பயன்படுத்துங்கள்.

பறிப்பது

ஐந்தாறு மாதம் பொறுங்கள். நுனியிலிருந்து மூன்று கணு வரைதான் சமையலுக்கு. வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் இளசு. ஒடிந்த பிறகும் நார் தொங்கினால் முற்றல். அதைக் கொடியிலேயே விடுங்கள். சிவப்பாகப் பழுக்கும் சிறு காய்கள் கண்ணைக் கவரும், பிள்ளைகள் வாயில் போட்டுவிடுவார்கள். வாய் கடுமையாக அரிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பூத்ததுமே கிள்ளி எறியுங்கள்.

அரிப்பு வராமல் சுத்தம் செய்ய

பிரண்டை அரிப்பதற்குக் காரணம் அதன் சதையில் உள்ள கால்சியம் ஆக்சலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் தோலிலும் நாக்கிலும் குத்துகின்றன. அவற்றை அடக்கும் வரிசை இது:

1. இரண்டு கையிலும் விரலிடுக்கு வரை நல்லெண்ணெய் தடவுங்கள். கையுறை இருந்தால் அதுவும் போடலாம்.
2. கொடியை ஓடும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.
3. கணுவை இரு பக்கமும் வெட்டி எறியுங்கள். நார் அதிகம் அங்கேதான்.
4. கத்தி முனையால் ஒரு விளிம்பின் நுனியைத் தூக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். முருங்கைக்காய் நார் வருவது மாதிரி நீளமாக உரிந்து வரும். நான்கு விளிம்புக்கும் இப்படியே. நார் பாதியில் அறுந்தால் மறுமுனையிலிருந்து இழுங்கள்.
5. அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் புளித்த மோரில் கால் மணி நேரம் போட்டு, வடித்து, ஈரம் போகத் துணியில் பரப்புங்கள்.

வேலை முடியும் வரை கண்ணையும் முகத்தையும் தொடாதீர்கள். கை அரித்தால் புளிக்கரைசலைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவினால் அடங்கும்.

துவையல்

நாலு பேருக்கு: நறுக்கிய பிரண்டை ஒரு கப், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஐந்து, நெல்லிக்காய் அளவு புளி, துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிறு துண்டு இஞ்சி, பெருங்காயம், உப்பு.

1. ஒரு கரண்டி எண்ணெயில் உளுத்தம்பருப்பு, மிளகாய், பெருங்காயத்தைச் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள்.
2. மீதி எண்ணெயை ஊற்றி, பிரண்டையைச் சிறு தீயில் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு சுண்டும். பச்சை நிறம் போய்ப் பழுப்பாகி, துண்டு பாதியாகச் சுருங்க வேண்டும். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நிறம் மாறியதும் இறக்கினால் நாக்கு கண்டிப்பாக அரிக்கும்.
3. புளியையும் இஞ்சியையும் போட்டு ஒரு நிமிடம், தேங்காயைப் போட்டு அரை நிமிடம் வதக்கி இறக்குங்கள்.
4. ஆறியதும் முதலில் பருப்பையும் மிளகாயையும் கொரகொரப்பாக அரைத்து, பிறகு மற்றதைப் போட்டு, குறைந்த தண்ணீரில் அரையுங்கள்.
5. அரிசி அளவு எடுத்து நாக்கில் வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். அரித்தால் இன்னும் கொஞ்சம் புளி சேர்த்து, எண்ணெயில் மறுபடி வதக்குங்கள்.

சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட அருமையாக இருக்கும். ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டி, வாரம் ஒரு தரம் அல்லது இரண்டு தரம் போதும். பசி எடுக்காமை, செரியாமை, மூலம், முட்டி வலி ஆகியவற்றுக்குப் பிரண்டையைத் தருவது நம் மருத்துவ மரபு. எந்த வலிக்கானாலும் பச்சையாக மெல்லவோ சாறு பிழிந்து குடிக்கவோ கூடாது. புளியும் எண்ணெயும் தீயும் சேர்ந்துதான் அது உண்ணும் பொருளாகிறது.

சித்திரை வெயிலில் வற்றல் போடுபவர்கள், மோரும் உப்பும் சேர்த்து ஊறவைத்த துண்டுகளை மாடியில் காயவைக்கும்போது மேலே மெல்லிய வேட்டித் துணி கட்டுங்கள். சாம்பல் விழும் தெருவானால் மாடியில் வைக்காமல் வீட்டுக்குள் வெயில் விழும் ஜன்னலோரம் காயவையுங்கள். நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சுளுக்குக்குப் பற்று

மூட்டை தூக்குகிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் உள்ள வீடுகளில் இது பழக்கமான வைத்தியம். சுளுக்கிய முதல் இரண்டு நாள் ஓய்வும் ஐஸ் ஒத்தடமும்தான். சூடான பற்று அதன் பிறகு.

1. ஒரு கைப்பிடிப் பிரண்டையை இடித்துச் சாறு பிழியுங்கள்.
2. நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சேர்த்து, குழம்புப் பதத்துக்குக் காய்ச்சுங்கள்.
3. இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து அரை மணி நேரம் பாருங்கள். தடித்தாலோ சிவந்தாலோ இது உங்களுக்கு ஆகாது.
4. ஒன்றும் ஆகவில்லை என்றால் சுளுக்கிய இடத்தில் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் வெந்நீரில் கழுவுங்கள்.

சிராய்ப்பு, புண், கொப்புளம் உள்ள தோலில் பூசக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூடான பற்றே போடக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

எலும்பு முறிவா?

இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரண்டைக்கு எலும்பை ஒட்டவைக்கும் கொடி என்று பெயர் இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் 1960களில் செய்த ஆய்வில், பிரண்டை கொடுத்த சோதனை விலங்குகளுக்கு முறிந்த எலும்பு விரைவாகக் கூடியதைப் பார்த்தார்கள். அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் இருக்கின்றன. மனிதர்களிடம் பெரிய அளவில் உறுதியான சான்று இன்னும் சேரவில்லை. அதைவிட முக்கியமாக, விலகிய எலும்பை நேராக்கும் வேலையைத் துவையல் செய்யாது. கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி உடைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ போய் எக்ஸ்ரே எடுங்கள்:

- காலை ஊன்ற முடியவில்லை, கையால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை
- கை கால் வடிவம் கோணலாகத் தெரிகிறது
- விரல் நுனி மரத்து, சில்லிட்டு, நீலமாகிறது
- எலும்பின் மேல் ஓர் இடத்தில் மட்டும் தொட்டால் உயிர் போகும் வலி

மாவுக்கட்டுப் போட்ட பிறகு துவையல் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆட்சேபம் இருக்காது.

யார் தவிர்க்க வேண்டும்

கருவுற்றிருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் பிரண்டையை விட்டுவிடுவது பாதுகாப்பு. கல்லுக்குக் காரணம் முன்பே சொன்ன ஆக்சலேட்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே பேச்சு. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் துவையல் அளவில் சாப்பிடலாம். பொடியாகவோ மாத்திரையாகவோ தினம் எடுப்பதானால் மருத்துவர் அனுமதி வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். யாருக்காவது சாப்பிட்டதும் உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடையில் வாங்குவதானால்

பிரண்டை உப்பை வீட்டில் செய்யாதீர்கள். கொடியை எரித்துச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கும் காரம் அது. அளவு மீறினால் வயிற்றைப் புண்ணாக்கும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில் எடுங்கள். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும் தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் ஆலோசனை பெறலாம். 1944-இல் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு, தமிழக அரசின் டாம்ப்கால் போன்றவை சித்த மருந்துகளை உரிமத்தோடு தயாரிக்கின்றன.

பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் பிரண்டைப் பொடி கேட்டால், கரண்டியில் அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காமல் அட்டைப்பெட்டியிலோ டப்பாவிலோ அடைத்ததைக் கேளுங்கள். அதில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று படியுங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.